மவுண்டிங் மாற்றிய பிறகு குறைந்த மைலேஜ்

உங்களில் யாராக இருந்தாலும் முதல் மாதம் முடிவதற்குள் இந்தப் புகாரைக் கேட்டுவிடுவீர்கள்: "வண்டி மைலேஜ் கொடுக்க மாட்டேங்குது." பிரேக் சரியில்லை என்று வருகிறவர் பயத்தோடு வருவார். ஏசி ஓடவில்லை என்று வருகிறவர் எரிச்சலோடு வருவார். மைலேஜ் புகாரோடு வருகிறவர் தன்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற முடிவோடு வருவார். அது யார் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. வண்டியை விற்றவரா, டீசல் பங்க்காரரா, நாமா? கௌண்டரில் நிற்பது நீங்கள் என்பதால் முதலில் உங்கள்மேல்தான் கண் விழும்.

செகந்திராபாத் பக்கத்துப் பாலாநகர் ஒர்க்‌ஷாப்பில் எட்டு வருடம் சர்வீஸ் அட்வைசராக இருந்துவிட்டு, அடுத்த மாதம் பயிற்சிப் பிரிவுக்குப் போகிறேன். போவதற்கு முன்னால், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார் மேலாளர். "எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்னு எழுதாதம்மா. அது மேனுவல்ல இருக்கு. மேனுவல்ல இல்லாதது ஏதாவது இருந்தா எழுது" என்றார். முப்பது வயதில் ஓய்வு பெற்றவரைப் போல அறிவுரை சொல்வது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பட்டியல் போடுவது என் பழக்கம் என்பதால், எதையெல்லாம் எழுதலாம் என்று ஒரு பட்டியல் போட்டேன். நீளமாக வந்தது. பிறகு ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

அந்த ஒன்று ஸ்டீபன் சாருடைய வண்டி.

ஸ்டீபன் சார் அல்வாலில் இருந்தார். குஷாய்குடா பக்கத்தில் இருக்கும் பெரிய மின்னணு ஆலையில், ஜெனரேட்டர்களைச் சோதிக்கும் பிரிவில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் பட்டாளத்தோடு வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் வந்து தங்கிவிட்ட குடும்பம். நல்ல தமிழ்தான் பேசுவார். நடுவில் இந்த ஊர் உருது தானாக வந்து விழும்: ஆமாம் என்பதற்கு ஹவ், இல்லை என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு, பிள்ளை என்பதற்குப் பேட்டா. என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு முதல் நாளே, "தமிழ்ப் பொண்ணா? ஹவ், அப்ப சண்டையை நிம்மதியா போடலாம்" என்றார். என்னோடு பேசும்போது நேர் எதிரே வந்து நின்று என் முகத்தையே பார்ப்பார். ஆய்வாளர்கள் அப்படித்தான் கவனிப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி அவருடைய மகன் ஜெரால்ட் வாங்கிக் கொடுத்தது. ஜெரால்டுக்கு மாதாப்பூரில் மென்பொருள் வேலை, வீடு கொண்டாப்பூரில். உடன் வேலை பார்த்தவர் அமெரிக்கா கிளம்பும் அவசரத்தில் விற்ற டீசல் கார் அது. ஜெரால்டின் அம்மா எஸ்தருக்கு இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. ஆட்டோவில் ஏற முடியாது, பஸ் பேச்சே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச், வியாழக்கிழமை குஷாய்குடாவில் ஆலை ஊழியர்களுக்கான மருந்தகம், நடுவில் தங்கை வீடு. எஸ்தர் அம்மா வீட்டு வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் ஸ்டீபன் சார் சாவியை எடுக்க வேண்டும்.

முதலில் அவர்கள் வந்தது வேறு புகாருக்கு. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, கியர் கம்பி ஆடுகிறது, அந்த அதிர்வு சீட் வழியாக எஸ்தர் அம்மாவின் முழங்கால்வரை போகிறது. பார்த்தோம். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் மவுண்டிங்குகள் நைந்துபோயிருந்தன. எல்லாவற்றையும் மாற்றினோம். நடுக்கம் அடியோடு நின்றது. எஸ்தர் அம்மா எங்கள் எல்லோருக்கும் பிளம் கேக் கொடுத்தனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து ஸ்டீபன் சார் கேக் இல்லாமல் வந்தார்.

"பதினாறு கொடுத்துக்கிட்டிருந்த வண்டி பதினொண்ணு கொடுக்குது. நீங்க கையை வச்ச அப்புறம்தான்."

"மவுண்டிங்குக்கும் மைலேஜுக்கும் சம்பந்தமே இல்ல சார்."

"சம்பந்தம் இல்லேன்னா கைக்கு குறையுது? மாத்தினது நீங்க. ஓட்டுறது நான். நடுவுல யாரும் வரல."

என் பட்டியலை எடுத்தேன். காற்று வடிகட்டி, டயர் காற்று, பிடித்துக்கொண்டு ஓடும் பிரேக், டீசல் கசிவு, இன்ஜெக்டர் கசிவு, சூடாகாமல் ஓடும் இன்ஜின், தவறாக ஓடும் கிலோமீட்டர் மீட்டர். ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டோம். எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் டிரைவர் டாங்கை நிரப்பி மேட்சல் சாலை வரை ஓட்டிவிட்டு வந்தார். பதினாறுக்கு மேலேயே கொடுத்தது.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. அதே பதினொன்று.

இந்த இடத்தில் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் ஒரு வார்த்தை சொல்வார்கள். நீங்களும் சொல்வீர்கள். "ஓட்டுற விதம் சார்." நம் ஆள் ஓட்டினால் பதினாறு, அவர் ஓட்டினால் பதினொன்று, வேறென்ன? வேலைச் சீட்டான ஜாப் கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, கேட்டைத் திறந்துவிட வேண்டியதுதான். அந்த வார்த்தை பொய்யில்லை, பாதியில் நின்றுபோன உண்மை. மவுண்டிங் மாற்றுவதற்கு முன்னால் இதே வண்டியை இதே மனிதர் இதே சாலையில் ஓட்டி, பதினாறு வாங்கியிருக்கிறார். அவருடைய ஓட்டும் விதம் ஏன் திடீரென்று மாறியது? அதைக் கேட்காதவரை நாம் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

மேலாளர் வேறு வழி சொன்னார். அவர் தெலுங்குக்காரர்; என்னோடு தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். "ஒரு இன்ஜெக்டர் செட் போட்டுடும்மா. பாதி விலைக்குப் போடு. மனுஷனுக்கு ஏதாவது மாத்தினோம்னு தெரிஞ்சாத்தான் மனசு ஆறும்." எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இந்தப் பழக்கம் உண்டு. வண்டிக்குத் தேவையில்லாத, வாடிக்கையாளரின் மனசுக்காகப் போடும் பார்ட். மேலாளர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரண்டு முறை திரும்பி வந்த வண்டி ஒர்க்‌ஷாப்பின் பெயரைக் கெடுக்கும் என்பது அவர் கவலை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். சரி என்றார்.

அந்த வாரத்தில்தான் ஜெரால்ட் வந்தார், தனியாக, கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு.

"மேடம், ஒரு உதவி. டாடி வண்டிக்கு நீங்க ஒரு ரிப்போர்ட் கொடுக்கணும். இன்ஜின் போயிடுச்சு, ரிப்பேர் பண்ணினா கட்டுப்படியாகாது, வித்துடுங்கன்னு."

"இன்ஜின் நல்லா இருக்கே சார்."

"தெரியும். போன மாசம் ஒரு ஸ்கூட்டர்காரனை உரசிட்டார். வலது பக்கம் வந்தான், பாக்கலையாம். நல்லவேளை, ஒண்ணும் ஆகல. ஓட்டாதீங்கன்னு சொன்னா, 'முப்பது வருஷமா ஓட்டறேன், எனக்கே சொல்றியா'ங்கிறார். நான் சொன்னா கேக்க மாட்டார். நீங்க எழுதிக் கொடுத்தா நம்புவார். அவருக்குக் காகிதம் இருந்தாப் போதும்."

"அம்மா எப்படி வெளியில போவாங்க?"

"கேப் வச்சுக்கலாம்" என்றார் ஜெரால்ட். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அல்வாலில் சொன்ன நேரத்துக்குக் கேப் வராது என்பது அவருக்கும் தெரியும்.

இதை யோசித்துப் பாருங்கள். இந்தப் பொய்யைச் சொன்னால் எல்லோருக்கும் நல்லது. மகனுக்கு நிம்மதி, ஒர்க்‌ஷாப்புக்குத் தலைவலி தீரும், சாலையில் ஒரு ஆபத்து குறையும். அப்பாவின் கௌரவமும் அடிபடாது, குற்றவாளி இன்ஜின்தான். நல்ல எண்ணத்தோடு கேட்கப்படும் பொய்யை மறுப்பதுதான் நம் தொழிலில் கஷ்டம். "முதல்ல என்ன கோளாறுன்னு தெரியட்டும் சார், அப்புறம் பேசலாம்" என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு ஸ்டீபன் சாருக்குப் போன் செய்தேன். எப்போதும்போல எஸ்தர் அம்மாதான் எடுத்தார். வியாழக்கிழமை அவர்களோடு மருந்தகம்வரை நானும் வரலாமா என்று கேட்டேன். "தாராளமா வாம்மா. ஆனா ஓட்டுறது அவர்தான். சாவியை யாருக்கும் தர மாட்டார்" என்றார் சிரித்துக்கொண்டே. ஓட்டுவது அவராக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கும் வேண்டியிருந்தது. அதுவரை மூன்று முறை அந்த வண்டியைச் சோதித்திருந்தோம். மூன்று முறையும் ஓட்டியது எங்கள் ஆள்.

நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். எஸ்தர் அம்மா முன்னால், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில். ஸ்டீபன் சார் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உடனே பிடித்துவிட்டது. ஆனால் அவர் அதற்குப் பிறகும் ஆக்சிலேட்டரை அழுத்தினார், வண்டி உறுமி மெல்ல அதிரும்வரை. ஸ்டீயரிங்கில் கையை வைத்து ஒரு கணம் காத்திருந்தார். திருப்தியானதும்தான் கியர் போட்டார்.

லோத்துகுண்டா தாண்டி சாலை காலியானது. அறுபதில் போகிறோம். வண்டி மூன்றாவது கியரில் இருந்தது. இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் மேலே ஏறி நின்றது. இன்ஜின் கதறுகிறது; கண்ணாடி மூடியிருந்தும் எனக்குக் காதை அடைக்கிறது. ஸ்டீபன் சார் நிதானமாக, ஆலையில் தன்னோடு வேலை பார்த்த யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு ஓட்டினார். நான்காவது கியர் அவர் நினைவிலேயே இல்லை.

பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. அவர் பேச்சு நிற்கவில்லை. அப்போது எஸ்தர் அம்மாவின் கை மெதுவாக நகர்ந்து அவர் முழங்கைமேல் படிந்தது. உடனே அவர் இடது பக்கம் ஒதுங்கினார். லாரி போனது. கை மடிக்குத் திரும்பியது. சைனிக்புரி திருப்பத்தில் ஒரு பைக்காரன் ஹாரன் அடித்தான். மறுபடி அந்தக் கை. இருவரில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு விடுவதுபோல நடந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

டீசல் வண்டி ஓட்டுகிறவர்கள் முள்ளைப் பார்த்துக் கியர் மாற்றுவதில்லை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மாற்றுகிறார்கள். ஸ்டீபன் சாருக்குச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருக்க வேண்டும். ஆனால் பழைய மவுண்டிங் அவருக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. இன்ஜின் வேகம் ஏற ஏற ஸ்டீயரிங் நடுங்கும், கியர் கம்பி கையில் துடிக்கும். அவர் கையால் கேட்டு ஓட்டிக்கொண்டிருந்தார், தனக்கே தெரியாமல். நாங்கள் அந்த நடுக்கத்தை நிறுத்தினோம். வேலையை மிக நன்றாகச் செய்தோம். அன்றிலிருந்து வண்டி அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டது.

ஸ்டீபன் சார் மருந்து வாங்க உள்ளே போனார். எஸ்தர் அம்மா வண்டியிலேயே இருந்தார். கதவு மூடியதும் திரும்பிப் பார்த்தார்.

"பாத்துட்ட இல்ல?"

"எத்தனை நாளாம்மா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். முதல்ல டிவி சத்தம். அப்புறம் போன் எடுக்கறதை நிறுத்தினார். நான் ஒண்ணும் கேக்கல, அவரும் ஒண்ணும் சொல்லல." என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜெரிகிட்ட சொல்லிடாதம்மா. சாவியைப் பிடுங்கிடுவான். அப்புறம் ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள உக்காந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்கணும். அவருக்குக் காது, எனக்குக் கால். ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஒரு ஆள்."

மகன் பொய் சொல்லச் சொல்கிறார். அம்மா வாயை மூடச் சொல்கிறார். மேலாளர் பார்ட் போடச் சொல்கிறார். மூவருக்கும் நியாயம் இருக்கிறது. மூவரும் யாரிடம் பேசக் கூடாது என்று நினைத்தார்களோ, அவர் கையில் மருந்துப் பொட்டலத்தோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், கன்டோன்மென்ட் சாலையில் நிழலாக ஒரு இடம் பார்த்து அவர் தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னேன். இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, அவர் என் முகத்தைப் பார்க்கும்படி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"சார், வரும்போது அறுபதுல எந்தக் கியர்ல இருந்தீங்க?"

"நாலு."

"மூணு சார்."

"நக்கோ. நாலுதான்."

"இப்ப மறுபடி ஓட்டுங்க. ஆனா இந்த முள்ளைப் பாத்து ஓட்டுங்க. எங்க மாத்தணும்னு தோணுதோ அங்க மாத்துங்க."

ஓட்டினார். அவர் மாற்ற நினைத்த இடத்தில் முள் எங்கே நிற்கிறது என்பதை அவரே பார்த்தார். வண்டியை ஓரம்கட்டினார். அளவுகளோடு வாழ்ந்த மனிதர். கண்ணால் பார்த்த அளவோடு சண்டை போடவில்லை. டாஷ்போர்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். ஸ்டீயரிங்கில் வைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"முன்னாடி இதுல தெரியும்" என்றார். "கைக்குத் தெரியும்."

"ஆமா சார். நாங்க மவுண்டிங் மாத்தினதும் அது போயிடுச்சு."

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "பழைய மவுண்டிங் வச்சிருக்கியா? அதையே போட்டுடு."

எஸ்தர் அம்மா சிரித்துவிட்டார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

போட்டிருக்கலாம். மைலேஜ் பதினாறுக்குப் போயிருக்கும். புகார் முடிந்திருக்கும். கோளாறைத் திரும்ப மாட்டி வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்திய ஒரே ஒர்க்‌ஷாப் என்று பெயர் வாங்கியிருப்போம்.

"போடலாம் சார். ஆனா லாரி ஹாரன் மவுண்டிங் வழியா வராது."

அவர் எஸ்தர் அம்மாவைப் பார்த்தார். எஸ்தர் அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்றார்.

"அம்மாவுக்குத் தெரியும். இப்ப எனக்குத் தெரியும். உங்க பையனுக்குத் தெரியாது. வண்டியை வித்துடுங்கன்னு என்னை எழுதித் தரச் சொன்னார். நான் எழுத மாட்டேன், வண்டி நல்லா இருக்கு. உங்க காதைப் பத்தி ஜாப் கார்டுல எழுத மாட்டேன், அது வண்டியோட கார்டு. ஆனா அவருக்கு இது தெரியணும் சார். நீங்க சொன்னா நல்லது. சொல்லலேன்னா நான் சொல்லுவேன். உங்களுக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். மைலேஜ் குறைகிறது என்று வந்தவரிடம், ஒரு சின்னப் பெண், அவர் வண்டியிலேயே உட்கார்ந்து, அவர் மனைவி முன்னால் இதைச் சொல்கிறாள்.

என் போன் அடித்தது. ஜெரால்ட். எடுத்தேன்.

"மேடம், பாத்தீங்களா? இன்ஜின் போச்சுன்னு டாடிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"வண்டியில ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

ஸ்டீபன் சார் என் உதடுகளைப் படித்திருக்க வேண்டும். கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைக்கவில்லை. வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"ஜெரி. நீ பேசுறது எனக்குப் போன்ல கேக்காது. அதனால பேசாதே. நான் சொல்றதை மட்டும் கேளு. வண்டி நல்லாத்தான் இருக்கு. என் காதுதான் போச்சு. அந்த ஸ்கூட்டர்காரன் ஹாரன் அடிச்சிருப்பான், நான் கேக்கல. ரெண்டு வருஷமா உங்க அம்மா தட்டித்தான் ஓட்டறேன். டாக்டர்கிட்ட போகணும், வந்து கூட்டிட்டுப் போ. சாவி வேணும்னா அதையும் வாங்கிக்கோ. ஆனா வியாழக்கிழமை அம்மாவை யார் கூட்டிட்டுப் போறதுன்னு யோசிச்சுட்டு வா. கேப்னு சொல்லாதே."

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் காதில் வைத்தேன். ஆபீஸ் இரைச்சலுக்கு நடுவில் ஜெரால்ட், "சரின்னு சொல்லிடுங்க மேடம்" என்றார்.

"சரிங்கிறார் சார்."

ஸ்டீபன் சார் கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து பின் கதவைத் திறந்தார். "நீ ஓட்டு, பேட்டா. நான் பின்னால உக்காந்துக்கறேன்" என்றார்.

அல்வால்வரை நான் ஓட்டினேன். ஒவ்வொரு முறை பின்னால் ஹாரன் கேட்டபோதும் எஸ்தர் அம்மாவின் கை கொஞ்சம் அசைந்து, பிறகு நின்றது.

அன்று சாயங்காலம் ஜாப் கார்டில், "மவுண்டிங் வேலை சரி. இன்ஜின் சரி. மாற்ற எதுவும் இல்லை" என்று எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு, "அப்ப பதினொண்ணு எப்படி வந்தது?" என்று கேட்டார். "வாடிக்கையாளருக்குத் தெரியும் சார். இனி வர மாட்டார்" என்றேன். அவர் வேறெதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ஒரு மேலாளரிடமிருந்து நான் கற்றுக்கொண்டவற்றில் அந்தக் கேட்காமை முக்கியமானது.

நான் தைரியமாக இருந்தேன் என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. புகார் வந்தால் "என்ன மாறியது" என்று கேட்கச் சொல்லிக் கொடுப்பார்கள். நாம் மாற்றிய பார்ட்டோடு அந்தக் கேள்வியை முடித்துவிடாதீர்கள். அந்தப் பார்ட் மாறியதால் அந்த மனிதருக்கு என்ன மாறியது என்பதுவரை போங்கள். சோதனை ஓட்டத்தில் ஸ்டீயரிங்கை நீங்களே பிடிக்காதீர்கள். பின் சீட்டில் உட்காருங்கள். கண்டுபிடித்தது யாரைப் பற்றியதோ, அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். பில் கட்டுகிறவர் அவருக்குப் பிறகுதான்.

ஸ்டீபன் சாரின் ஒரு காதுக்குக் கருவி பொருத்தினார்கள். இன்னொன்று கருவிக்கும் அப்பால் போய்விட்டிருந்தது. முள்ளைப் பார்த்துக் கியர் மாற்றி, பக்கத்துச் சாலைகளில் மட்டும் சில மாதம் ஓட்டினார். பிறகு அவரே நிறுத்திக்கொண்டார். யாரும் சாவியைப் பிடுங்கவில்லை. ஜெரால்ட் தன் ஆபீஸில் பேசி, வியாழக்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஏற்பாடு செய்துகொண்டார். வீடு என்றால் அல்வால் வீடு.

அந்த வருடக் கடைசியில் மூவரும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள். ஓட்டி வந்தது ஜெரால்ட். ஸ்டீபன் சார் நேராகக் கௌண்டருக்கு வந்தார்.

"மைலேஜ் குறைஞ்சிருக்கு. பதிமூணுதான் வருது. பார்ட் எதையும் மாத்தாதே, பேட்டா. கோளாறு டிரைவர்கிட்ட."

"டாடி!" என்றார் ஜெரால்ட்.

"கத்தாதே. கேக்குது."

எஸ்தர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். ஜெரால்டை ஓட்டச் சொல்லி நான் பின் சீட்டில் ஏறி, நரசாபூர் சாலையில் ஒரு சுற்று போய் வந்தேன். ஸ்டீபன் சார் சொன்னது சரி. ஜெரால்ட் இடது காலைக் கிளட்ச்சின் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார், ஆபீஸ் போகும் நெரிசலில் வந்த பழக்கம். ஒர்க்‌ஷாப் வாசலில், கண்ணாடியை இறக்குவதற்கு முன்னால், மற்றவர்கள் காதில் விழாமல், கிளட்ச் விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"இதை டாடிகிட்ட சொல்லப்போறீங்களா மேடம்?"

"நீங்களே சொல்லுங்க சார்."

ஜெரால்ட் காலைக் கிளட்ச்சிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். "சரி, சரி பண்ணிக்கிறேன். நாளைக்கு வியாழக்கிழமை. குஷாய்குடா வரைக்கும் டாடி பக்கத்துல உக்காந்து, சரி பண்ணிட்டேனான்னு அவரே பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கி, அப்பாவை நோக்கி நடந்தார்.